மாரிட் பியோர்கெனின் போட்டி வாழ்க்கையில் 2006 முதல் 2009 வரை நேர்ந்தது சரிவா, மாற்றமா?

வடதிசை எழுதியது:

நார்வேயின் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கெனின் போட்டி முடிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தபோது, நடுவில் இருக்கும் ஒரு பள்ளம் புரியாமல் நிற்கிறது. 2003-இல் வால் டி ஃபியெம்மேயில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஸ்பிரின்ட் எனப்படும் குறுந்தூரப் போட்டியின் தங்கம் வென்றவர், 2005-இல் ஓபர்ஸ்டோர்ஃபில் மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கங்களைப் பெற்றார். 2004–05, 2005–06 ஆகிய இரண்டு பருவங்களிலும் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் அவருடையதே. அப்படிப்பட்டவர் 2006 டுரின் ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் கிளாசிக் (இணைத் தடங்களில் நேராகச் சறுக்கிச் செல்லும் பாணி) போட்டியில் பெற்ற ஒரே வெள்ளியுடன் திரும்பினார். அடுத்த ஆண்டு சப்போரோவில் ரிலேயிலும் இருவர் ஸ்பிரின்டிலுமாக இரண்டு வெண்கலங்கள். 2009-இல் லிபெரெட்ஸில் எதுவுமே இல்லை.

ஆனால் அதற்கு மறு ஆண்டே வான்கூவரில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் என்று ஐந்து பதக்கங்கள் வந்துவிட்டன. அந்த ஒலிம்பிக்கில் வேறு எவரும் அத்தனை பதக்கங்கள் பெறவில்லை. அங்கிருந்து 2018 வரை அவர் கலந்துகொண்ட ஒவ்வொரு பெரிய போட்டியிலும் தங்கம் இருக்கிறது.

என் கேள்வி இதுதான்: இடைப்பட்ட ஆண்டுகள் உடல்நலக் குறைவாலோ மனச்சோர்வாலோ வந்த தற்காலிகச் சரிவு மட்டும்தானா, அல்லது ஸ்பிரின்ட் வீராங்கனையாக இருந்தவர் நெடுந்தூர வீராங்கனையாகத் தம்மை மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட காலமா? இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

நெடுவழி எழுதியது:

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதன் இரண்டாம் பாதியில் இருக்கும் அனுமானத்தை முதலில் சரிபார்க்க வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட ஓபர்ஸ்டோர்ஃப் தங்கங்கள் மூன்றில் ஒன்று 30 கிலோமீட்டர் கிளாசிக் போட்டியில் வந்தது. அதாவது, 25 வயது நிறைவதற்கு முன்பே அவர் பெண்களுக்கான அன்றைய மிக நீண்ட போட்டியில் உலகச் சாம்பியன். மறுபக்கம், 2015-இல் ஃபாலுனில், 34 வயதில், அவர் ஸ்பிரின்ட் தங்கத்தை வென்றார். அதே போட்டித் தொடரில் 30 கிலோமீட்டரில் சக நார்வே வீராங்கனை தெரேசே யோஹாவுக்கு அடுத்து வெள்ளியும் பெற்றார். ஆகவே ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போனார் என்று சொல்ல இடமில்லை. கடைசிவரை இரண்டையும் கைவிடாமல் வைத்திருந்தார் என்பதே அவரிடம் வியப்பதற்குரியது.

இது ஏன் அரிது என்பதைச் சொல்ல வேண்டும். ஸ்பிரின்ட் என்பது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முன்பின்னான தூரம்; ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் தகுதிச்சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று ஒரே நாளில் நான்கு முறை அதே தடத்தில் முழு வேகத்தில் போக வேண்டும். 30 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஏற்றமும் இறக்கமும். முதலாவது கேட்பது வெடித்தெழும் ஆற்றலை, இரண்டாவது கேட்பது ஆக்சிஜனை இடைவிடாமல் பயன்படுத்தும் திறனை. பியோர்கெனின் தோள்களும் கைகளும் சக வீராங்கனைகளிடம் காணாத அளவுக்குத் திரண்டிருந்தன. இரு கைக்கோல்களையும் ஒருசேர ஊன்றித் தள்ளும் இடங்களில் அவர் முன்னேறிச் செல்வதைப் பழைய ஒளிப்பதிவுகளில் இப்போதும் பார்க்கலாம். மற்றவர்கள் தடுமாறும் மெல்லிய ஏற்றங்களில் கால்களை ஓய்வாக வைத்துக்கொண்டு கைகளாலேயே அவர் நகர்வார்.

இனி அந்தப் பள்ளம். டுரினில் அவருக்கு உடல்நலம் சரியில்லை என்பது உண்மை. ஆனால் அதை வைத்து மூன்று ஆண்டுகளை விளக்க முடியாது. நார்வே விளையாட்டு அறிவியலாளர்கள் அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. 20 வயதில் ஆண்டுக்குச் சுமார் 520 மணி நேரமாக இருந்த அவருடைய பயிற்சி, 35 வயதுக்குள் சுமார் 940 மணி நேரமாக உயர்ந்தது. அந்த உயர்வும் ஒரே சீராக நிகழவில்லை. 940 மணி என்றால் வாரத்துக்குச் சராசரியாகப் பதினெட்டு மணி நேரம். மிகச் சிறந்த ஆண்டுகளில் அவர் செய்த தாங்குதிறன் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில் அமைந்தது. உலகின் வேகமான வீராங்கனை பெரும்பாலான நாட்களில் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பது புதிதாகப் படிப்பவர்களுக்குத் திகைப்பாக இருக்கலாம். ஆனால் தாங்குதிறன் விளையாட்டுகளில் இருப்பவர்களுக்கு இது பழைய செய்தி.

என் வாசிப்பு இதுதான்: 2003–2006 வெற்றிகள் பிறவித் திறமையின் வெற்றிகள். அந்தத் திறமைக்கு அடியில் போதிய அடித்தளம் இல்லாததால், உடல் ஒருமுறை இடறியபோது தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்கவில்லை. வான்கூவருக்குப் பின் நாம் பார்த்த பியோர்கென், பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்த மணி நேரங்களின் மேல் நின்றவர். எனவே உங்கள் தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களில், சரிவு நேர்ந்ததற்கான காரணமும் மாற்றம் தேவைப்பட்டதற்கான காரணமும் ஒன்றே என்று நான் சொல்வேன்.

மெழுகுத்தடம் எழுதியது:

நெடுவழி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பதக்க எண்ணிக்கையை வைத்து ஒருவரை அளக்கும்போது போட்டியின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பியோர்கென் ஐந்து ஒலிம்பிக்குகளில் 15 பதக்கங்கள் பெற்றார். 8 தங்கம், 4 வெள்ளி, 3 வெண்கலம். அவருடைய நாட்டவரான பியோர்ன் டேலி 1992, 1994, 1998 ஆகிய மூன்றே ஒலிம்பிக்குகளில் 8 தங்கம், 4 வெள்ளி பெற்றவர். டேலியின் காலத்தில் ஆண்களுக்கு ஐந்து கிராஸ் கன்ட்ரி போட்டிகள்தான் இருந்தன, ஸ்பிரின்ட் என்ற பிரிவே ஒலிம்பிக்கில் இல்லை. பியோர்கெனின் காலத்தில் தனிநபர் ஸ்பிரின்டும் இருவர் ஸ்பிரின்டும் சேர்ந்து ஆறு போட்டிகள் ஆகிவிட்டன. டேலி முதுகுக் காயத்தால் விலக நேர்ந்ததையும் மறந்துவிடக் கூடாது. இதனால் பியோர்கெனின் சாதனை சிறியதாகிவிடாது. இருவரையும் வெறும் எண்ணால் ஒப்பிடுவதில் பொருளில்லை என்பதே என் கருத்து.

இன்னொன்று, எதிராளிகள். 2018 பியோங்சாங் போட்டியில் யோஹா இல்லை. ஊக்கமருந்து விதிமீறலுக்காக அவர் 18 மாதத் தடையில் இருந்தார். பியோர்கென் தங்கம் வென்ற கடைசி நாளின் 30 கிலோமீட்டர் போட்டியில் யோஹா இருந்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்ற கேள்வி நியாயமானதே.

ஆஸ்துமா மருந்து பற்றிய பேச்சையும் யாராவது எழுப்புவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். பியோர்கென் முறையான மருத்துவ அனுமதியுடன் ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டார். வான்கூவர் சமயத்தில் போலந்தின் யுஸ்தினா கோவல்சிக் அதைப் பகிரங்கமாக விமர்சித்தார். பியோர்கென் எந்த ஊக்கமருந்துச் சோதனையிலும் சிக்கியதில்லை. அனுமதி முறை பொதுவாகச் சரிதானா என்பது விவாதிக்கத் தக்கது. அதை ஒரு தனிநபர் மீதான குற்றச்சாட்டாக மாற்றுவது சரியல்ல.

வடதிசை எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஓபர்ஸ்டோர்ஃபின் 30 கிலோமீட்டர் தங்கத்தை நான் கவனிக்காமல் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டது என் கேள்வியையே கோணலாக்கியிருக்கிறது. ஒரு துணைக்கேள்வி: அவர் தோற்ற போட்டிகளையும் சேர்த்து, இரண்டு மூன்றை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் எவற்றைப் பார்க்கலாம்?

நெடுவழி எழுதியது:

முதலில் வான்கூவரின் 30 கிலோமீட்டர் கிளாசிக். இரண்டு வாரங்களுக்குள் அவருக்கு அது ஐந்தாவது போட்டி. கோவல்சிக்கும் அவரும் மைதானத்துக்குள் ஒன்றாக நுழைகிறார்கள். ஸ்பிரின்டில் பத்து நாட்களுக்கு முன்பு கோவல்சிக்கை வென்றவர் பியோர்கென் என்பதால், கடைசி நேர்ப்பாதையில் அவர் கைதான் ஓங்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். 30 கிலோமீட்டருக்குப் பிறகு அவர் தோற்றது 0.3 வினாடியில். அவரது இயல்பான ஆயுதம் கைகொடுக்காமல் போன தருணம் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்து ஒரு தனிப் போட்டி அல்ல, 2014 சோச்சியின் இரண்டு வாரங்கள் முழுவதும். ஸ்கையத்லானில் (பாதித் தூரம் கிளாசிக், மீதி பக்கவாட்டில் உந்திச் செல்லும் ஃப்ரீஸ்டைல் பாணி) ஸ்வீடனின் ஷார்லட் கல்லாவை இறுதியில் முந்தித் தங்கம். ஸ்பிரின்ட் அரையிறுதியில் கீழே விழுந்து வெளியேற்றம். 10 கிலோமீட்டரில் ஐந்தாமிடம். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட ரிலேயில் நார்வேயின் பனிச்சறுக்குக் கட்டைகள், அடியில் பூசும் மெழுகின் தேர்வு சரியில்லாமல், வழுக்க மறுத்ததில் அணிக்கே ஐந்தாமிடம். பின்னர் இங்வில்ட் ஃப்ளூக்ஸ்டாட் ஊஸ்ட்பெர்குடன் இருவர் ஸ்பிரின்ட் தங்கம், கடைசியாக 30 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைலில் யோஹாவை மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் பின்தள்ளித் தங்கம். அந்த மேடையின் மூன்று இடங்களிலும் நார்வே வீராங்கனைகள்தான்.

மூன்றாவது பியோங்சாங். மெழுகுத்தடம் யோஹாவைப் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 30 கிலோமீட்டரில் இரண்டாம் இடம் பெற்ற பின்லாந்தின் கிறிஸ்டா பார்மகோஸ்கிக்கும் பியோர்கெனுக்கும் இடையே ஒன்றே முக்கால் நிமிடத்துக்கும் மேல் இடைவெளி இருந்ததை மறக்கக் கூடாது. அப்போது அவருக்கு 37 வயது, மகனுக்கு இரண்டு வயது. அந்த ஒலிம்பிக்கின் ரிலேயையும் சேர்த்துப் பாருங்கள்: கடைசிச் சுற்றில் ஸ்வீடனின் ஸ்டீனா நில்சன் அவரது முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறார். தம்மைவிட வயதில் மிக இளையவரான, அன்றைய சிறந்த ஸ்பிரின்ட் வீராங்கனைகளில் ஒருவரை வேகத்தால் வெல்ல முடியாது என்று நினைத்திருந்தால் பியோர்கென் முன்னதாகவே பிரிந்து செல்ல முயன்றிருப்பார். அவர் காத்திருந்து, முடிவுக் கோட்டுக்கு அருகில்தான் விலகிச் சென்றார்.

மெழுகுத்தடம் எழுதியது:

பட்டியலில் நான்காவதாக 2013 வால் டி ஃபியெம்மேயைச் சேர்க்கலாம். 2012 டிசம்பரில் இதயத் துடிப்பில் சீரின்மை கண்டறியப்பட்டதால் அவர் டூர் டி ஸ்கி என்ற பல கட்டப் போட்டித் தொடரிலிருந்தே விலகினார். இரண்டு மாதங்களுக்குள் அதே உலகச் சாம்பியன் போட்டியில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி. அந்த வெள்ளி 10 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைலில், முந்தியவர் யோஹாதான். இருவரும் நேருக்கு நேர் மோதிய போட்டிகளில் முடிவு எப்படி மாறி மாறி வந்தது என்பதை அறிய அதைச் சோச்சி 30 கிலோமீட்டரோடும் ஃபாலுனோடும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.