ஆவாரை வளர்ப்பு: ஒரு புதுப்பிப்பு

நாள்தோறும் நீர் ஊற்றியும் என் ஆவாரஞ்செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். குற்றம் அந்த நீரிலேயே இருந்தது. வேரடியைக் கிளறிப் பார்த்தபோது மண் சேறாகக் கிடந்தது, செடியும் பிழைக்கவில்லை.

ஆணிவேர் ஆழமாக இறங்கும் இச்செடிக்குப் பிடுங்கி நடுவது ஒவ்வாது என்பதால், நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் மணலும் சரளையும் கலந்து மேடாக்கி, விதைகளை அங்கேயே ஊன்றினேன். விதையின் மேலோடு மிகவும் கெட்டியானது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்த பிறகே அவை ஒழுங்காக முளைத்தன. வேர் பிடிக்கும்வரை மட்டும் அளவாக நீர் விட்டேன். உரம் எதுவும் இடவில்லை.

இப்போது செடி இடுப்பளவு வளர்ந்து பூத்திருக்கிறது. இப்பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பைகள் நுனியிலுள்ள சிறு துளை வழியாகத் திறப்பதால், கருவண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. (அந்த ரீங்காரத்தைக் கேட்கவே காலையில் தோட்டத்துக்குப் போகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.) இலைகளைத் தின்னும் பச்சைப் புழுக்கள் பிற்பாடு வண்ணத்துப்பூச்சிகளாகின்றன, தின்ற கிளைகள் மீண்டும் துளிர்த்துவிடுவதால் மருந்து தெளிக்கவில்லை. பூக்காலம் முடிந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிட எண்ணியுள்ளேன்.