மூன்று பல்கலைக்கழகங்கள், மூன்று துறைகள்: நான் முடிவெடுத்த விதம்

தொடக்கக் கல்லூரிப் படிப்பை முடித்த ஆண்டில் எனக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) கட்டடக் கலை, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் ஆக்குபேஷனல் தெரபி. நோயாலோ விபத்தாலோ முதுமையாலோ அன்றாடக் காரியங்களைச் செய்ய இயலாமல் போனவர்களை, அவற்றை மீண்டும் தாமாகவே செய்யும் நிலைக்குக் கொண்டுவர உதவும் சிகிச்சைதான் மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு உறவு இருந்தது. சிறு வயது முதல் வீடுகளை வரைந்துகொண்டிருந்தேன். கணக்கு நன்றாக வந்தது. தொண்டூழியத்துக்காகப் போன முதியோர் இல்லத்தில் சிகிச்சையாளர்கள் வேலை செய்வதைப் பார்த்து வியந்திருந்தேன்.

இங்கே எத்தனை பல்கலைக்கழகங்கள் அழைத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும். ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான இணையத்தளத்தில், பொதுவாக மே மாதக் கடைசிக்குள், ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை விட்டுவிட வேண்டும். பிப்ரவரிக் கடைசியில் தேர்வு முடிவு, மார்ச்சில் விண்ணப்பம், பிறகு நேர்முகத் தேர்வுகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, உண்மையில் யோசிப்பதற்கென்று கிடைப்பது சில வாரங்கள் மட்டுமே. அந்தச் சில வாரங்களில் எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்தது பெயர் பற்றிய கேள்வி. என் தாய்மாமா, என்மேல் உயிரையே வைத்திருப்பவர், "என்யூஎஸ் கூப்பிடுறப்ப வேற இடத்தப் பத்தி யோசிக்கலாமா கண்ணு?" என்று கேட்டார். 'கழகம்' என்று பெயர் இருந்ததால் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் பலதுறைத் தொழிற்கல்லூரியைப் போன்றது என்று அவர் நினைத்திருந்தார். 2014 முதல் அதுவும் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் என்பதையும், மருத்துவமனைகளில் பணியாற்றத் தேவையான பதிவுக்கு அதன் பட்டம் செல்லும் என்பதையும் எடுத்துச் சொன்னதும் மாமா அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே துறையில் இரண்டு இடம் கிடைத்தவருக்கு அது முக்கியம்தான். துறைகளே வேறுவேறாக இருக்கும்போது அது மிகவும் பின்னால் வர வேண்டிய கேள்வி.

அடுத்தது பணம். அப்பா கப்பல் பட்டறையில் தொழில்நுட்பராக இருந்தார். அவருடைய மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கல்விக் கடன் எடுப்பதென்று முடிவாகியிருந்தது. அந்தக் கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கக்கூடியது 40 விழுக்காடு வரைதான். அதைத் தம்பியும் நானும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு ஆனதும் வட்டியோடு ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். கணக்கியல் மூன்றே ஆண்டு. சிகிச்சைப் படிப்பு நான்கு. கட்டடக் கலை நான்கு ஆண்டுப் பட்டத்தோடு முடிவதில்லை. முதுநிலைப் பட்டம், அதன்பின் குறைந்தது இரண்டு ஆண்டு நடைமுறை அனுபவம், தொழில்முறைத் தேர்வு ஆகிய அனைத்தையும் கடந்த பிறகே ஒருவர் கட்டடக் கலைஞராகப் பதிவு செய்துகொள்ள முடியும். தம்பி கட்டாயத் தேசிய சேவைக்குப் போகவிருந்ததால் அவனுடைய கட்டணம் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும் என்பதை அம்மாதான் கண்டுபிடித்துச் சொன்னார். அதனால் நான்கு ஆண்டுப் படிப்பும் எட்டக்கூடியதாயிற்று. இந்தக் கணக்கையெல்லாம் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் அப்பா எழுதி வைத்தார். பிள்ளையின் ஆசைக்கு எதிராகப் பணத்தைப் பேசுகிறோமே என்று பெற்றோர் தயங்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசியதால் எனக்குத் தெளிவுதான் பிறந்தது.

ஆனால் முடிவை எடுக்க வைத்தது வேறொரு கேள்வி: இன்று நான் விட்டுவிடும் வழி, பிற்காலத்தில் வேறு பக்கத்திலிருந்தாவது திறக்குமா? கணக்கியலில் பட்டம் பெறாதவர்கள்கூட, பின்னாளில் தொழில்முறைத் தேர்வுகளை எழுதிப் பட்டயக் கணக்கர் ஆகலாம்; வேலை பார்த்துக்கொண்டே அப்படிப் படிப்பவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சிகிச்சைத் துறையில் அது நடக்காது. துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் 2011இல் நிறைவேறியபின், அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் பதிவும் இல்லாமல் யாரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்ற முடியாது. அனைத்துலகத் தரத்தின்படி படிப்புக் காலத்திலேயே குறைந்தது 1000 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கட்டடக் கலையும் அவ்வாறே பட்டத்தோடு கட்டுண்டது. ஆகவே, எனக்கு நன்றாக வரக்கூடிய கணக்கியலை எந்த வருத்தமும் இல்லாமல் முதலில் ஒதுக்கி வைத்தேன். மூன்று இரண்டாகக் குறைந்தபின் மனம் எவ்வளவு லேசாகிவிட்டது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

மிச்சமிருந்த இரண்டுக்கும் நடுவே பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்துப் பயனில்லை. அந்த வேலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு கட்டடக் கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இளம் ஊழியர் ஒருவர் காலையிலிருந்து தீயணைப்பு விதிகளுக்கேற்ப ஒரு மாடிப்படியின் அகலத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். தம் வேலையை மிகவும் நேசித்தவர் அவர்; என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

பிறகு முதியோருக்கான ஒரு பகல்நேர மறுவாழ்வு நிலையத்தில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்த்தேன். பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்துபோன ஒரு பாட்டிக்கு, ஒரு கையால் காய் நறுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையின் நடுவே இரண்டு எஃகு ஆணிகள் மேல்நோக்கி நின்றன. உருளைக்கிழங்கை அதில் குத்தி நிறுத்திவிட்டால் மறுகையால் பிடிக்கத் தேவையில்லை. பாட்டி இடக்கையில் கத்தியைப் பிடிக்கவே மறுத்தார். சிகிச்சையாளர் சீனர், பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். "கத்தி எனக்குப் பழக்கமில்லம்மா, எங்க வீட்ல அருவாமணைதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அரிவாள்மணை எப்படி இருக்கும் என்று அந்தச் சிகிச்சையாளர் ஒரு காகிதத்தில் என்னை வரையச் சொன்னார். வெட்டும் அலகு அசையாமல் நிற்க, காய்தான் நகர்கிறது என்பதைப் பார்த்ததும், தரையில் உட்கார்ந்து எழுவதில் உள்ள ஆபத்து, இடக்கை விரல்களின் பிடிமானம் என்று அவர் ஒவ்வொன்றாக யோசிக்கத் தொடங்கினார். ஒரு மனிதரின் சமையலறைக்குள் இவ்வளவு அக்கறையோடு நுழையும் வேலை இன்னொன்று இருக்கிறதா என்று எனக்குத் தோன்றியது. அன்றிரவே அப்பாவிடம் சொன்னேன். "நாப்பது வருசம் பாக்கப்போற வேல, நீதான்மா பாக்கணும்" என்றார். மறுநாள் இடத்தை ஏற்றுக்கொண்டேன்.

இதே ஆண்டுகளில் மற்றவர்களும் வெவ்வேறு விதமாக முடிவெடுத்தார்கள். சட்டத்துக்கும் பொருளியலுக்கும் நடுவே தவித்த என் தோழி இரட்டைப் பட்டப் படிப்பில் சேர்ந்து, ஐந்து ஆண்டு உழைத்து, இரண்டையும் முடித்தாள். ஒன்றுக்கொன்று துணை நிற்கும் துறைகள் என்பதால் அவளுக்கு அது பொருந்தியது. அத்தை மகன் கணினியியலில் இடம் வாங்கிவிட்டுத் தேசிய சேவைக்குப் போனான். அங்கே மருத்துவ உதவியாளராக இருந்தபோது தாதிமையில் மனம் ஊன்றிவிட, மறுபடி விண்ணப்பித்து அதையே படித்தான். ஆண் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் வெறும் காத்திருப்பு அல்ல. நிதானமாக மறுபரிசீலனை செய்யக் கிடைக்கும் காலம்.

இப்போது ஒரு சமூக மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நோயாளிகள் வீடு திரும்புமுன் அவர்களுடைய வீட்டுக்குப் போய்க் கழிவறைப் படியின் உயரம், கதவின் அகலம், சக்கர நாற்காலி திரும்புமா என்பதையெல்லாம் அளந்து வரைகிறேன். வீவக எனப்படும் அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் வீடுகளில் கைப்பிடி பொருத்துவதற்கும் தரையை வழுக்காமல் செய்வதற்கும் 2012 முதல் 'ஈஸ்' திட்டம் இருப்பதால், நான் வரைந்து கொடுப்பது பெரும்பாலும் நடைமுறைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆண்டு முடிவெடுக்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஆரம்பச் சம்பளத்தைப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு ஆய்வில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் துறையில் ஐந்தாறு ஆண்டு இருப்பவரைத் தேடிப் பிடித்து, நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தீர்கள் என்று மணி வாரியாகக் கேளுங்கள். பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். அதற்காகச் சோர்ந்துவிடாமல் உறவினர், ஆசிரியர், கோயிலில் பழக்கமானவர் என்று விசாரித்தால் யாராவது கிடைப்பார்கள். மறுவாழ்வுச் சிகிச்சைத் துறைகளில் இடம் கிடைத்திருப்பவர்கள் என்னிடமே கேட்கலாம். இரவு எட்டு மணிக்குமேல் பதில் எழுதுகிறேன்.