சாவி சுற்றுகிறது, பூட்டு திறக்கவில்லை: கதவுத் தடிமனால் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

கோவை லேத்து

நாங்கள் பட்டறையில் கதவுப் பூட்டு செய்கிறோம். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நான் வடிவமைத்த பூட்டில் நடந்தது இது. எட்டு மாதம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை.

வெளியே சாவி போடும் சிலிண்டர், உள்ளே நாக்கு இருக்கும் பெட்டி, இரண்டுக்கும் நடுவே சாவியின் திருப்பலை உள்ளே கொண்டுபோகக் கதவுக்குள் ஓடும் தட்டைப் பட்டை. பார்த்திருப்பீர்கள். கடையில் கிடைப்பதில் பட்டை நீளமாக, குறுக்கே வரி வரியாக வெட்டோடு வரும். கதவுக்கு ஏற்ற வரியில் பிளையரால் ஒடிக்க வேண்டும். ஒடித்தால் ஒடித்ததுதான், ஒட்ட முடியாது. பிளஷ் டோர் 30, 32, 35 மி.மீ. என்று வருகிறது. தேக்குத் தலைவாசல் 40, 45. எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு போதும் என்று, ஒரு சதுரக் குழாய்க்குள் பட்டை முன்னும் பின்னும் நழுவும்படி செய்தேன். 30 முதல் 50 வரை எந்தக் கதவுக்கும் பொருந்தும். நூறு பூட்டு விற்றிருப்போம்.

ஒரு வீட்டில் பூட்டு மாட்டி நாலு மாதம் கழித்துக் கதவின் இரண்டு பக்கமும் பிளைவுட் ஒட்டியிருக்கிறார்கள். 40 மி.மீ. கதவு 52 ஆகிவிட்டது. ஆசாரி பூட்டைக் கழற்றி, நீளமான ஸ்க்ரூ போட்டு, பட்டையை இழுத்து மாட்டிவிட்டார். குழாய்க்குள் அது இரண்டு மி.மீ.தான் பிடித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் இழுக்கக் கூடாது என்று தடுக்க என் பூட்டில் எதுவுமே இல்லை. ஆசாரி மேல் தப்பில்லை. தப்பு என் வரைபடத்தில்.

கதவைச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. அந்த வீட்டு அக்கா மருந்து வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்து சாவி போட்டால், சாவி வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. உள்ளே இடுப்பு அறுவை செய்து படுத்திருக்கும் அம்மா. எனக்குப் போன் வந்து நான் போய்ச் சேர நாற்பது நிமிடம். நானும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் உள்ளேயிருந்து அந்தப் பாட்டி, “தெறந்துருச்சா கண்ணு?” என்று கேட்டார். நாலு முறை திருப்பினேன். நாலு முறையும் கேட்டார்.

சிலிண்டரை டிரில் போட்டு எடுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுத் திருப்பித்தான் திறந்தேன். பாட்டிக்கு ஒன்றுமில்லை, நல்லபடியாக இருக்கிறார். ஆனால் அந்தக் குரல் போகவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.

மதுரை மீனா

எனக்கு நேர் எதிர், அண்ணா. உங்கள் கதவு தடித்துவிட்டது, எங்களுடையது மெலிசு.

வாடகை வீடு. குளியலறைக்குப் பி.வி.சி. கதவு, 28 மி.மீ.தான். அதில் போட்டிருந்த குமிழ்ப் பூட்டின் அட்டைப்பெட்டியில் 35 முதல் 45 என்று போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் குமிழ் ஆடிக்கொண்டே இருக்கும். பிளம்பர் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் கொடுத்தார். மூன்று மாதம் ஓடியது.

ஒருநாள் நாலு வயதுப் பையன் உள்ளே போய் பட்டனை அமுக்கிக்கொண்டான். நான் வெளியே குமிழைப் பிடித்து இழுக்க, அது கையோடு வந்துவிட்டது. மறுபக்கத்துக் குமிழ் உள்ளே டைல்ஸில் விழுந்த சத்தம் கேட்டது. பையன் அழவில்லை. “அம்மா, பூட்டு செத்துப் போச்சு” என்றான். ஓட்டை வழியாக அவன் கண் மட்டும் தெரிந்தது. அந்த ஓட்டையிலேயே கரண்டிக் காம்பை விட்டுப் பூட்டின் நாக்கை இழுத்துத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இப்போதும் அவன் குளியலறைக்குப் போனால் நான் வாசலில் நிற்கிறேன்.

பூட்டு செய்கிறவர்கள் தடித்த கதவையே நினைக்கிறீர்கள். எங்களை மாதிரி வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மெலிசான கதவுதான் கிடைக்கிறது.

உளி சத்தம்

மூன்று தலைமுறை ஆசாரி வீடு எங்களுடையது. கோவைக்காரர் மன்னிக்கணும், நீளம் கூட்டிக் குறைக்கிற பூட்டே வேண்டாம் என்பேன். நகர்கிற பாகம் ஒருநாள் கழன்றுதான் தீரும். கதவுக்கு ஏற்ப அளந்து ஒடித்த பட்டை நாப்பது வருஷம் நிற்கும்.

என் அனுபவம் சின்னது. தொழில் பழகிய முதல் வருஷம், பட்டையை ஒரு வரி தள்ளி நீளமாக ஒடித்து மாட்டிவிட்டேன். அது பெட்டியின் பின்தகட்டில் போய் முட்டியது. சாவி திருப்பவே முடியவில்லை. வீட்டுக்காரர் வயசானவர், முழு பலத்தோடு திருப்பினார், சாவி பாதியில் முறிந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டாமல் அவரே ஒரு புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, அளப்பதைப் பற்றிச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எல்லோரும் கதவின் ஓரத்தில் டேப்பை வைத்து அளக்கிறார்கள். ஓரத்தில் பட்டி அடித்திருக்கும், மைக்கா மடிந்திருக்கும், பாலிஷ் ஏறியிருக்கும். அந்த அளவு ஓட்டை போடும் இடத்தில் இருக்காது. முதலில் ஓட்டை போடுங்கள், பிறகு அதற்குள்ளேயே வெர்னியர் அளவியின் வாலை, அதாவது பின்னால் நீளும் மெல்லிய கம்பியை, விட்டு அளந்து பாருங்கள். பேனல் கதவாக இருந்தால் பூட்டு சட்டத்தில் வருகிறதா, பலகையில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பத்து மி.மீ. வித்தியாசம் வரும். பட்டை கதவின் உள்முகத்தைத் தாண்டி பத்து மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியின் ஆழத்தைப் பார்த்து இரண்டு கூட்டலாம். ஒடித்த முனையை அரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள், பிசிறு இருந்தால் பெட்டியின் பள்ளத்தில் சிக்கும். மழைக்காலத்தில் மாட்டினால் மரம் ஈரம் குடித்திருக்கும். நல்ல தேக்கு அவ்வளவாக மாறாது, வேப்பம் பலகையும் புது மரமும் மாறும். ஸ்க்ரூவைக் கடைசி வரை முறுக்கிவிட்டு அரைச் சுற்று தளர்த்துங்கள். அப்புறம், கதவைத் திறந்து வைத்தே பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். சாத்திய பிறகு சோதிக்கக் கூடாது. இதைச் செய்யாததால்தான் பாதிப் பேர் வெளியே நிற்கிறார்கள்.

மீனா அம்மாவுக்கு: சைக்கிள் டியூப் தப்பு. ரப்பர் அமுங்கும். மரத் தக்கையோ அலுமினியத் தகடோ இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்திருக்க வேண்டும்.

மதுரை மீனா

ஆசாரி அண்ணா, வாடகை வீட்டில் அலுமினியத் தகடு வெட்டிக் கொடுக்க யார் வருவார்கள்? அந்த பிளம்பர் வந்ததே மூன்றாவது போனுக்குப் பிறகுதான்.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

அளந்து ஒடிப்பது எங்கள் வீட்டுக் கதவில் நடக்காது. இங்கே லண்டனில் பல கதவுகளில் இருப்பது யூரோ சிலிண்டர். உலோகக் கட்டி ஒன்று கதவின் குறுக்கே முழுவதுமாகப் போகும். நடுவில் ஒரு திருகு ஓட்டை. அந்த ஓட்டையின் மையத்திலிருந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்து, 5 மி.மீ. படிகளில் வாங்க வேண்டும். 35/45 என்றால் ஒரு பக்கம் 35, மறுபக்கம் 45.

எங்கள் கதவுக்கு வெளியே 35, உள்ளே 45 வர வேண்டும். மாட்டியவர் திருப்பி மாட்டிவிட்டார். வெளியே ஒரு விரல் கணு அளவு நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளே பிளேட்டுக்குள் அமுங்கியிருந்தது. அழகாக இல்லையே என்று மட்டும்தான் நினைத்தேன்.

திருடனுக்கு அது கைப்பிடி மாதிரி. நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இடுக்கியால் பிடித்து அசைத்தால், இருப்பதிலேயே மெலிதான இடமான அந்தத் திருகு ஓட்டையில் சிலிண்டர் இரண்டாக ஒடிந்துவிடும். வேலை முடிந்து வந்தபோது வாசற்படியில் பாதிச் சிலிண்டர் கிடந்தது. வெள்ளை உலோகம், ஒடிந்த இடம் சர்க்கரைக் கட்டி மாதிரி பொரபொரப்பாக. மனைவியின் நகை போனது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்குக் கண்ணில் நிற்பது அந்தத் துண்டு. என் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இருந்தது இவ்வளவுதானா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பூட்டு கொஞ்சம் நீளமாக இருந்தால் பரவாயில்லை என்று யாராவது நினைத்தால், பரவாயில்லை இல்லை. பிளேட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் நீட்டக் கூடாது என்பது இங்கே எல்லாப் பூட்டுக்காரர்களும் சொல்லும் கணக்கு. இப்போது, பூட்டின் பாதுகாப்புக்கு இங்கே வைத்திருக்கும் டி.எஸ். 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் வாங்கிய சிலிண்டர் போட்டிருக்கிறேன். அதில் முன்பக்கம் வேண்டுமென்றே ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். ஒடித்தால் முன் துண்டு மட்டும் போகும், பூட்டு உள்ளே நிற்கும்.

கோவை அண்ணா, துண்டுகளைச் சேர்த்து நீளம் கூட்டும் சிலிண்டரும் இங்கே உண்டு. பூட்டுக்காரர் வண்டியில் இரண்டு முனையும் ஒரு பெட்டி நிறைய இணைப்புத் துண்டும் வைத்திருப்பார். வாசலிலேயே கதவுக்கு ஏற்ற நீளத்தில் உள்ளே ஒரு எஃகுப் பட்டையோடு சேர்த்து இறுக்கிவிடுவார். அதில் நகர்வது எதுவும் இல்லை. நீங்கள் அந்த வழியில் யோசிக்கலாம்.

செட்டிநாட்டுப் பேத்தி

தடிமன் என்றால் எங்கள் ஐயா வீட்டுக் கதவு. பர்மா தேக்கு, சட்டம் மூன்றரை அங்குலம். அதன் சாவி ஒரு சாண் நீளம். பூட்டு உள்பக்கம் இருக்கும், வெளியிலிருந்து போடும் சாவி கதவு முழுவதையும் கடந்து போய்த் தொட வேண்டும் என்பதால் அவ்வளவு நீளம். சின்ன வயதில் அலங்காரத்துக்கு என்று நினைத்திருந்தேன்.

பத்து வருடம் முன்பு, சாவியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை என்று சித்தப்பா நவீனப் பூட்டு போடச் சொன்னார். எந்தப் பட்டையும் அந்தக் கதவுக்கு எட்டவில்லை. வந்தவர் உள்பக்கம் ஒரு தட்டு அளவுக்கு இரண்டு அங்குல ஆழம் குடைந்து, கதவை அந்த இடத்தில் மட்டும் மெலிசாக்கி மாட்டினார். உளி இறங்கியதும் கூடம் முழுக்கத் தேக்கு வாசம், புதிதாக அறுத்த மரம் மாதிரி. நூறு வருடம் உள்ளே அடைந்திருந்த வாசம். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. விழுந்த சிராய்களைப் பொறுக்கி ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டார்கள்.

கதவைப் பூட்டுக்காக வெட்டியது தப்பு. பூட்டுதான் கதவுக்கு ஏற்ப வளர்ந்திருக்க வேண்டும். அதனால் கோவைக்காரர் செய்வதை நிறுத்தக் கூடாது, உளி சத்தம் என்ன சொன்னாலும். இந்தச் சிலிண்டரைக் கண்டுபிடித்ததே யேல் என்ற அமெரிக்கர்தான் என்று படித்தேன். சின்னச் சாவி அவரால்தான் வந்ததாம்.

பழைய சாவி

செட்டிநாட்டுச் சகோதரி சொன்னதில் ஒரு திருத்தம். சிலிண்டருக்குள் இருக்கும், ஊசிகள் விழுந்து பூட்டும் முறை லைனஸ் யேல் கண்டுபிடித்தது இல்லை. பழைய எகிப்தில் மரத்திலேயே அப்படிப் பூட்டு இருந்தது. யேல் 1861லும் 1865லும் காப்புரிமை வாங்கியது சின்னத் தட்டைச் சாவிக்கும் உருளைக்கும், அதாவது சிலிண்டருக்கும். இந்தப் பேச்சுக்கு அதில் முக்கியம் வேறு. அவர் சாவி போகும் உருளையைப் பூட்டுப் பெட்டியிலிருந்து தனியாகப் பிரித்தார். சாவி கதவின் வெளிமுகத்திலேயே நின்றுவிடும், மீதித் தூரத்தைப் பட்டை பார்த்துக்கொள்ளும். அன்றிலிருந்து சாவி நீளத்துக்கும் கதவுத் தடிமனுக்கும் சம்பந்தம் அற்றுப்போனது. சிரமம் முழுவதும் அந்தப் பட்டைக்குப் போய்விட்டது. கோவைக்காரர் மல்லுக்கட்டுவதும் அதோடுதான்.

மீனா அம்மாவின் குமிழ்ப் பூட்டும் இன்னொரு அமெரிக்கர் வேலை. வால்டர் ஷ்லாகே, 1920களில். நல்ல குமிழ்ப் பூட்டில் வெளிப்பக்க வட்டத் தகடு மரையில் சுற்றும். அதைச் சுற்றி உள்ளே வெளியே நகர்த்தினால் பூட்டின் உடல் கதவின் சரி நடுவில் நிற்கும். பலர் அதைத் தொடாமலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் நாக்கு ஒரு பக்கம் உரசும், குமிழ் ஆடும். மரை இருந்தாலும் 28 மி.மீ. கதவுக்கு அது எட்டியிருக்காது என்பது உண்மைதான்.

என் கதை ஒரு வரிதான். திண்டுக்கல்லில் மாமா பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். அவர் கடைசியாகச் செய்த பூட்டுக்குச் சாவி என்னிடம் இருக்கிறது, பூட்டு எந்த வீட்டுக் கதவில் இருக்கிறது என்று தெரியவில்லை.

கோவை லேத்து

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். உளி சத்தம் ஐயா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அளந்து ஒடிக்கத் தெரிந்த கை எல்லா ஊரிலும் இல்லை. அந்த வீட்டில் கதவு பிறகு தடித்தது. ஒடித்த பட்டையாக இருந்தால் அன்றே குட்டையாகியிருக்கும், புதுப் பூட்டு வாங்கியிருப்பார்கள். என்னுடையது நீளும் என்று நம்பியதால்தான் அதையே இழுத்து மாட்டினார்கள். நீள்கிறது என்று சொன்னால் எதுவரை என்பதையும் பூட்டே சொல்ல வேண்டும்.

இப்போது செய்திருப்பது இது. பட்டையின் முனையில் குறுக்கே ஒரு ஊசி, குழாயின் வாயில் ஒரு உதடு. கடைசியில் 12 மி.மீ. எப்போதும் குழாய்க்குள் இருக்கும், அதற்கு மேல் இழுத்தால் வராது. பட்டையைப் பக்கவாட்டுத் திருகால் இறுக்கும் பழைய முறையை எடுத்துவிட்டேன், கதவு அடிபடும் அதிர்ச்சியில் தளர்ந்துவிடுகிறது. அதற்குப் பதில் 2 மி.மீ.க்கு ஒரு பல். கதவில் மாட்டிய பிறகு பல் விலக இடமே இருக்காது. மீனா சொன்னதால் கீழ் அளவை 26க்கு இறக்கிவிட்டேன். குழாயைக் குட்டையாக்கியதில் மேல் அளவு 44ஓடு நின்றது. அதனால் பெரிய கதவுக்கு 40 முதல் 60 வரை இன்னொரு நீளம் தனியாக. எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு என்பதை விட்டுவிட்டேன்.

நாளைக் காலை அந்தப் பாட்டி வீட்டுக்குப் போகிறேன், மாட்டுவதற்கு. போன வாரமே ஓட்டைக்குள் வெர்னியர் விட்டு அளந்துவிட்டு வந்தேன். 51.5 வந்தது. பாட்டி இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். கதவைத் திறந்து வைத்தே பத்து முறை பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாத்துவேன்.