புதுப்பிப்பு: அந்தத் திருமணப் படங்கள் அவர் எடுத்தவை அல்ல

தங்கையின் திருமணத்துக்குப் பேசிவைத்த புகைப்படக்காரர் காட்டிய படங்கள் அவருடையவைதானா என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி, படத்தைக் கொண்டே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் தேடியதில், அவர் காட்டிய மாங்கல்யதாரணப் படம், மூலையிலிருந்த பெயர் வெட்டப்படாமல், வேறோர் ஊர்க் கலைஞரின் பக்கத்தில் முழுமையாகக் கிடைத்தது. பதிவேற்றும்போதே இன்ஸ்டாகிராம் எக்ஸிஃப் தகவல்களை (கேமரா, தேதி போன்று படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் விவரங்களை) நீக்கிவிடுவதால், அங்கிருந்து இறக்கிய படங்களில் கேமரா விவரம் தேடிப் பயனில்லை. ஆகவே ஏதேனும் ஒரே திருமணத்தின் முழுத் தொகுப்பையும், அதில் நான் சுட்டும் இரண்டு படங்களின் ரா கோப்புகளையும் (கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலக் கோப்புகள்; எடுத்தவரிடம்தான் பொதுவாக இருக்கும்) அவரிடம் கேட்டேன். ஹார்டு டிஸ்க் பழுதாகிவிட்டதாம் (எப்போதும் அதுதான் பழுதாகிறது). அசல் கலைஞரோ, கேட்டவுடன் அந்த மாங்கல்யதாரணப் படத்துக்குச் சற்று முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களை அனுப்பினார். ஒன்றில் தவில்காரரின் கை குறுக்கே வந்திருந்தது. முன்பணம் 5,000 ரூபாயில் பாதி திரும்பி வந்திருக்கிறது.