விக்டோரியா மேலவை 2014–18: 40 இடத்துக்கு 45 பெயர் வருகிறதே, எங்கே இடிக்கிறது?

கணக்குப்புலி (கேள்வி)
வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேலவையில் 2014–18 காலத்தில் இருந்தவர்களை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 2017 நவம்பர் 22 அன்று, மரணத் தறுவாயில் இருப்பவர்கள் விரும்பினால் உயிர்நீக்க மருத்துவ உதவி பெறும் சட்டம் 22க்கு 18 என்று மேலவையில் நிறைவேறியதே, அந்த ஓட்டைக் கட்சிவாரியாகப் பிரிக்க வேண்டும். 8 மண்டலம், மண்டலத்துக்கு 5 பேர், ஆக 40. என் ஷீட்டிலோ 45 பெயர். வடக்கு விக்டோரியாவில் மட்டும் 7 பேர் நிற்கிறார்கள். பசுமைக் கட்சி வென்றது 5 இடம்தான், எனக்கு 7 காட்டுகிறது. பெயர்கள் இரட்டிப்பாகவும் இல்லை. என்ன செய்வது?

யாரோ ஒருவன்
நடுவில் இடைத்தேர்தல் நடந்திருக்கும். 2015 மார்ச்சில் கிப்ஸ்லாந்து சவுத்தில் ஒன்று நடந்ததே.

மெல்பன்வாசி
அது கீழவைத் தொகுதிங்க. மேலவையில் இடைத்தேர்தலே கிடையாது. 2003 சீர்திருத்தத்துக்குப் பிறகு, காலியாகும் மேலவை இடத்துக்கு இரு அவைகளும் கூடி ஆளை நியமிக்கின்றன, போனவரின் கட்சியிலிருந்தே.

கிப்ஸ்லாந்து சவுத்துக்கும் உங்கள் ஷீட்டுக்கும் தொடர்பு உண்டு. அங்கே போட்டியிட மேலவையை விட்டவர் நேஷனல்ஸ் கட்சியின் டேனி ஓ பிரையன். அவர் இடத்துக்கு மெலினா பாத் வந்தார். அப்புறம் டேமியன் டிரம் (நேஷனல்ஸ்) மத்திய நாடாளுமன்றத்துக்குப் போக லூக் ஓ சலிவன், ஸ்டீவ் ஹெர்பர்ட் (லேபர்) விலக மார்க் கெப். இந்த இரண்டும் வடக்கு விக்டோரியா, உங்கள் 7 அங்கேதான் வந்தது. பசுமைக் கட்சியில் கிரெக் பார்பருக்குப் பதில் சமந்தா ரத்னம், கொலீன் ஹார்ட்லண்டுக்குப் பதில் ஹுவாங் ட்ரூங். ஐந்து மாற்றம், 45 பெயர், சரியாகிவிட்டது.

ஹெர்பர்ட் அமைச்சர் பதவியை விட்டது தன் நாய்களை அரசு காரில் அனுப்பிய விவகாரத்தில். உங்கள் கணக்குக்கு வேண்டாம், சும்மா சொன்னேன்.

கணக்குப்புலி
அருமை! அப்படியானால் பழைய 5 பேரையும் நீக்கிவிடட்டுமா?

மெல்பன்வாசி
நீக்காதீர்கள்! ஹார்ட்லண்ட் விலகியது 2018 பிப்ரவரியில். நீங்கள் பார்க்கும் ஓட்டின்போது அவர்தான் அவையில் இருந்தார், ட்ரூங் இல்லை. ரத்னமோ 2017 அக்டோபரிலேயே வந்துவிட்டார். ஆளுக்கு 'வந்த நாள்', 'போன நாள்' என்று இரண்டு பத்தி வையுங்கள். கடைசிவரை இருந்தவர்களுக்குப் போன நாளைக் காலியாக விடாமல் தேர்தல் நாளான 2018 நவம்பர் 24ஐப் போடுங்கள், இல்லாவிட்டால் கவுன்டிஃப்ஸ் (நிபந்தனைக்குப் பொருந்துபவற்றை எண்ணும் எக்செல் சூத்திரம்) அவர்களைக் கணக்கில் சேர்க்காது.

22ஐயும் 18ஐயும் கூட்டினால் 40. அன்று ஒரு இடமும் காலியில்லை, அவைத் தலைவர் ஓட்டும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஷீட்டைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. 2016 நடுவில் பார்த்தால் குழம்பிப்போவீர்கள். டிரம் மே மாதம் போனார், ஓ சலிவன் வந்தது அக்டோபரில். அதுவரை இருந்தது 39 பேர். அந்த மே மாதமே லேபரின் கேவின் ஜென்னிங்ஸை அவை இடைநீக்கமும் செய்தது. இடைநீக்கம் ஆனவர் உறுப்பினர்தான், அவருக்குப் 'போன நாள்' போடக்கூடாது.

பட்டியல்பித்தன்
கட்சிப் பத்தியையும் பாருங்கள். ஃபியோனா பேட்டன் 'செக்ஸ் பார்ட்டி' என்ற கட்சியின் பெயரில் வென்றார், 2017இல் அது ரீசன் பார்ட்டி ஆனது. ரேச்சல் கார்லிங் ஜென்கின்ஸ் ஜனநாயக லேபரில் வென்று, 2017இல் ஆஸ்திரேலியன் கன்சர்வேடிவ்ஸுக்குத் தாவி, 2018இல் அதையும் விட்டு சுயேச்சையானார். அவருக்கு மூன்று வரி வேண்டும். என்னைக் கேட்டால், பெயர் மட்டும் மாறிய பேட்டனுக்கு ஒரு வரி போதும்.

கணக்குப்புலி
நாள் போட்டுப் பார்த்தேன், 40 வந்துவிட்டது: லேபர் 14, லிபரல் 14, பசுமை 5, நேஷனல்ஸ் 2, ஷூட்டர்ஸ் 2, மற்றவர்கள் 3. ஜேம்ஸ் பர்செல்லைச் சுயேச்சை என்று போடலாமா?

பட்டியல்பித்தன்
கூடாது. 'வோட் 1 லோக்கல் ஜாப்ஸ்' பதிவு செய்த கட்சி, அதன் பெயரில்தான் மேற்கு விக்டோரியாவில் வென்றார். தனி வரியாகவே இருக்கட்டும்.