கணவனிடம் அடிபட்ட பெண்களை ஆய்வுக்காக நேர்காணல் செய்வது: பாதுகாப்புத் திட்டத்தில் என்ன எழுதணும்?

ஆய்வுமாணவி

சமூகப்பணியில் பிஎச்.டி. செய்கிறேன். கணவனின் அடி, மிரட்டலுக்கு ஆளான பெண்கள் உதவியை எங்கே, எப்படித் தேடுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. 20 பேரிடம் ஆழ்நேர்காணல், கூடவே சிடிஎஸ்-2 அளவுகோல் (தம்பதிகளுக்குள் நடக்கும் வன்முறையை எண்ணிக்கையில் அளக்கும் கேள்வித்தாள்) என்று சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) போட்டிருந்தேன். "பங்கேற்பாளர் பாதுகாப்புத் திட்டம் போதாது" என்று ஒரே வரியில் எத்திக்ஸ் கமிட்டி திருப்பிவிட்டது. ஒப்புதல் படிவமும் ரகசிய உறுதிமொழியும் வைத்திருந்தேன். இன்னும் என்ன வேண்டும்? காப்பகத்தில் இருப்பவர்களை மட்டும் எடுத்தால் சிக்கல் குறையுமா?

களப்பணி

நீங்கள் எழுந்து போன பிறகு அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்கும்? கமிட்டி கேட்பது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2001இல் இதற்கென்றே நெறிமுறை வெளியிட்டது. அதைப் படித்துவிட்டுத் திட்டத்தைத் திரும்ப எழுதுங்கள்.

முதல் தொடர்பு நீங்கள் போடும் போனாக இருக்கக்கூடாது. ஒருங்கிணைந்த சேவை மைய (வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசு மையம்) ஆலோசகரோ, குடும்ப வன்முறைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரோ அந்தப் பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான். எந்த எண், எந்த நேரம், மெசேஜ் போடலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது எல்லாம் அவர் சொல்கிறபடி. பலர் கோட்டைவிடுவது, அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில். உங்கள் எண் அங்கே "கவுன்சிலிங்" என்று பதிவாகி, போன் கணவன் கையில் இருந்தால் முடிந்தது கதை. ஆய்வுக்குத் தனி சிம் எடுத்து, அது என்ன பெயரில் தெரிகிறது என்று பாருங்கள். பயணச் செலவை ஜிபேயில் அனுப்பவே வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள்.

இடம் அவர் வீடு வேண்டாம். அரசு மருத்துவமனை, மகளிர் குழு கூடும் இடம் என்று, போய்வர ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிற இடமாகப் பாருங்கள். 2 வயதைத் தாண்டிய பிள்ளைகள் கூட இருக்கக்கூடாது. கேட்டதை அப்படியே வீட்டில் ஒப்பிக்கும். யாராவது நுழைந்தால் பேச்சை மாற்ற, ரத்தசோகை, மாதவிடாய் பற்றிய கேள்வித்தாள் ஒன்று மேலாக இருக்கட்டும். இப்படி மாற்றுவோம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் குழம்பிப்போவார். ஆய்வின் முழு நோக்கம் அவருக்கு மட்டும்; அக்கம்பக்கத்துக்கு "பெண்கள் நலம்" போதும். தகவல் தாளைக் கொடுத்தனுப்பாதீர்கள். கையெழுத்துக்குப் பதிலாக வாய்மொழி ஒப்புதல் போதும் என்று கமிட்டியிடம் விலக்குக் கேளுங்கள். அவர் பெயரையும் உங்கள் ஆய்வையும் இணைக்கிற காகிதமே அந்தக் கையெழுத்துதான்.

காப்பகம் மட்டும் என்றால் சிக்கல் குறையாது, வேறு சிக்கல் வரும். தங்க இடம் கொடுத்தவர்கள் "போய்ப் பேசும்மா" என்றால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தவிர, தாய்வீடு ஏற்றுக்கொண்டவர், ஊர்ப் பஞ்சாயத்தோடு நின்றவர், இன்னும் அதே வீட்டில் இருப்பவர் யாரும் உங்கள் கண்ணில் படமாட்டார்கள். உதவி தேடுவதைப் பற்றிய ஆய்வில் அவர்களை விட்டால் பாதி விஷயம் போய்விடும்.

சட்டப்பக்கம்

உறுதிமொழியில் "எக்காரணம் கொண்டும் வெளியிடமாட்டேன்" என்று எழுதியிருந்தால் உடனே எடுங்கள். வக்கீலுக்கு உள்ள ரகசியப் பாதுகாப்பு நம் சட்டத்தில் ஆய்வாளருக்குக் கிடையாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலோ, கணவன் செய்யும் கொடுமைக்கான பழைய இ.த.ச. 498ஏ-வுக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 85இலோ வழக்கு நடந்துகொண்டிருந்தால், எதிர்த்தரப்பு உங்கள் ஆடியோவைக் கேட்டு மனுப் போடலாம். உங்களிடம் சொன்ன தேதிக்கும் மனுவில் உள்ள தேதிக்கும் வித்தியாசம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார்கள். தேவையில்லாத தேதி, பெயர் எதையும் கேட்காதீர்கள். எழுத்தாக்கம் முடிந்து இத்தனை நாளில் ஆடியோ அழிக்கப்படும் என்று முன்கூட்டியே திட்டத்தில் எழுதி, அதன்படி செய்யுங்கள். சம்மன் வந்த பிறகு அழித்தால் அது வேறு குற்றம்.

வயது வந்த பெண் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் போலீசுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளை மீதான பாலியல் குற்றம் பேச்சில் வந்தால் போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம்) 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும்; தவறினால் 6 மாதம் வரை சிறை. இதை நேர்காணல் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். அவர் வாயிலிருந்து வந்த பிறகு சொல்வது துரோகம்.

எண்கணக்கு

சிடிஎஸ்-2இல் 78 கேள்விகள், பாதி அவன் செய்தது, பாதி இவள் செய்தது. தடுக்கக் கையை ஓங்கியதும் தாக்குதல் கணக்கில்தான் விழும். காப்புரிமை வேறு, அனுமதி வாங்க வேண்டும். 20 பேருக்கு இது எதற்கு? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் கேள்விகளை எடுங்கள்: தள்ளினாரா, அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று செயல் செயலாகக் கேட்கும். "கொடுமை நடந்ததா" என்று மொத்தமாகக் கேட்டால் பலர் இல்லை என்பார்கள். சம்பளத்தைப் பிடுங்குவது, நகையை அடகு வைப்பது, மாமியார் வீட்டார் சேர்ந்து செய்வது ஆகியவற்றை நீங்களாகச் சேர்க்கவேண்டும்.

ஆய்வுமாணவி

நன்றி, சிடிஎஸ்-ஐ எடுத்துவிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இவர் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்?

களப்பணி

தோன்றும் வரை காத்திருக்காமல் எல்லோரிடமும் கேளுங்கள். கழுத்தை நெரித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது, அடி சமீபத்தில் கூடியது, அண்மையில் பிரிந்து வந்தது. இவைதான் முக்கிய அறிகுறிகள். நெரிப்பை லேசாக விடாதீர்கள். 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், முன்பு நெரிக்கப்பட்ட பெண் கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று வந்தது. வெளியில் தடம் தெரியாவிட்டாலும் தொண்டையில் உள்காயம் இருக்கலாம். குரல் மாற்றம், விழுங்கச் சிரமம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

ஆபத்து என்றால் ரெக்கார்டரை நிறுத்துங்கள், அன்றைக்கு ஆய்வு அவ்வளவுதான். "வீட்டைவிட்டு வந்துடுங்க" என்று அழுத்தக்கூடாது. கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். எப்போது, யாரோடு, எங்கே என்பது அவர் முடிவு. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் நகலோ அசலோ, கூடவே மாத்திரைகளும் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். களத்துக்குப் போகும் முன்பே மையத்துக்கு நேரில் போய், ராத்திரியில் போனை எடுப்பது யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். அச்சடித்த அட்டை எதுவும் தராதீர்கள்; பெண்கள் உதவி எண் 181 மூன்றே இலக்கம், மனதில் நிற்கும். அந்த எண்ணில் பேசி முடித்ததும் கால் ஹிஸ்டரியில் அதை எப்படி அழிப்பது என்று அவர் போனிலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள்.