பாண்டியில் தாத்தா வீட்டை கெஸ்ட் ஹவுஸ் ஆக்குகிறோம், தீ பாதுகாப்பு விதியோடு எப்படிப் பொருத்துவது?

தாழ்வாரத்துவீடு:
வணக்கம். ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய வீடு. திண்ணை, உள்ளே தாழ்வாரம், நடுவில் முற்றம், மேலே நாலு அறை. கெஸ்ட் ஹவுஸாக நடத்தலாம் என்று நானும் அக்காவும் இறங்கியிருக்கிறோம். தீயணைப்பு என்ஓசிக்காக (தடையில்லாச் சான்று) வந்த கன்சல்டன்ட் 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பின் 4ஆம் பகுதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். ஓட்டல் என்றால் படி 1.5 மீட்டர் அகலம் வேண்டுமாம், எங்களுடையது மரப்படி, டேப் வைத்து அளந்தால் 82 சென்டிமீட்டர். வெளியேற இன்னொரு வழி வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர், பின்னால் ஒரு சின்னக் கொல்லை. மொட்டை மாடியில் 5,000 லிட்டர் டேங்க் வைக்கச் சொல்கிறார். முற்றத்துக்கு மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு லாபி ஆக்கலாம் என்பது ஆர்க்கிடெக்ட் யோசனை. இதற்கெல்லாம் இடித்துவிட்டுக் கட்டுவதே சுலபம் என்று கன்சல்டன்ட் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமே இல்லை. விதியை ஏய்க்கும் எண்ணம் எங்களுக்குக் கிடையாது, ராத்திரி அங்கே படுப்பவர்கள் வழி தெரியாத வெளியூர்க்காரர்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச்சாந்து:
முதலில் அந்த டேங்கை நிறுத்துங்கள். 5,000 லிட்டர் என்றால் 5 டன். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் அது, அத்தனை பாரத்தை ஒரே இடத்தில் ஏற்றினால் தாங்காது. 2014 நவம்பர் மழையில் கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடம் மேரி இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது, நீர் ஊறிய பழைய சுண்ணாம்புக் கட்டடத்தில் விளையாடக் கூடாது. கொல்லையில் தரைக்கடியில் தொட்டி கட்டி, பம்பு வைத்து, மாடி வரை ஹோஸ் ரீல் (சுருளாகச் சுற்றிய தீயணைப்புக் குழாய்) கொண்டுபோங்கள். பம்புக்குத் தனி மின்சாரம் வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

முற்றத்தை மூடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். தீயில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது புகைதான், அந்தப் புகை நேராக வானத்துக்குப் போக உங்கள் வீட்டில் ஏற்கெனவே வழி இருக்கிறது. ஷீட் போட்டால் அத்தனை புகையும் மேல் தாழ்வாரத்தில், அறை வாசலில் வந்து நிற்கும். உத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கனமான தேக்கு நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியாகும். அதற்குக் கீழே அழகுக்கு அடிக்கிற பிளைவுட் ஃபால்ஸ் சீலிங்கும் அதற்குள் ஓடும் பழைய ஒயரும்தான் ஆபத்து.

அப்புறம், தேசியத் தொகுப்பு தானாகச் சட்டம் ஆகிவிடாது, மாநிலமோ யூனியன் பிரதேசமோ தன் விதியில் சேர்த்தால்தான் கட்டுப்படுத்தும். அதனால் எதை அப்படியே செய்கிறீர்கள், எதற்கு மாற்று வைக்கிறீர்கள் என்று தீயணைப்புத் துறைக்கு வரைபடத்தோடு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஓடி_கடலூர்:
கடலூர் ஓ.டி.யிலிருந்து எழுதுகிறேன், தீயணைப்பில் இருந்து ரிட்டயர் ஆனவன். தம்பி, மேலே சார் சொன்னது சரி, ஆனால் படி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "எங்க ஊர் வீடு இப்படித்தான்" என்ற பேச்சை எவ்வளவோ இடத்தில் கேட்டிருக்கிறேன். 2004 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள், கீற்றுக் கூரை, இறங்க ஒரே குறுகல் படி. 82 சென்டிமீட்டரில் ஒருவர் இறங்கும்போது எங்கள் ஆள் மூச்சுக் கருவியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏற முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

மரப்படி இருக்கட்டும், கொல்லைப் பக்கம் இன்னொரு படி கட்டுங்கள். இரும்பு என்றால் கால்வனைஸ் செய்தது, உப்புக் காற்றுக்கு வெறும் பெயின்ட் நிற்காது. கொல்லையிலிருந்து தெருவுக்கு வர வழியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது கிணற்றுக்குள் இறங்கின கதை. மேலே நாலு அறையை மூன்றாகக் குறைத்தால் நல்லது. சன்னல் கம்பி அறைக்கு ஒன்றாவது உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும். படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி வைத்திருக்கிறீர்களா? எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும். அது தீப்பிடித்தால் இறங்குகிற ஒரே வழியும் போச்சு. வாடகை மின்சார ஸ்கூட்டரையும் உள்ளே சார்ஜ் போட விடாதீர்கள்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். அன்றைக்கு வண்டி எந்தத் தெருவால் உங்கள் வாசலுக்கு வரும் என்று உங்கள் பகுதி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். தட்டாமல் சொல்வார்கள்.

உப்புக்காத்து:
கடற்கரைப் பக்கம் ஆறு வருடமாக கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். என் அனுபவம் ஒன்று. எல்லா இடத்திலும் புகை டிடெக்டர் போட்டோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அலாரம், தாளித்தால் அலாரம். ஒரு மாதத்தில் பையன் ஏணி போட்டு ஒன்றைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டான், நான் பார்த்தபோது அது தூசி படிந்து கிடந்தது, அந்தத் தாழ்வாரத்தில் அதுவரை நாலு குடும்பம் தங்கிப் போயிருந்தது. அன்று ராத்திரி முழுக்க நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். சமையலறைக்கும் பூஜை அறைக்கும் வெப்பத்தை உணரும் டிடெக்டர் போடுங்கள், அறைகளிலும் தாழ்வாரத்திலும் புகை டிடெக்டர். தீயணைப்பான் சிலிண்டரின் அடி விளிம்பை மாதம் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் துரு உரிந்து கையோடு வரும்.

தாழ்வாரத்துவீடு:
எல்லோருக்கும் நன்றி. பேட்டரி படிக்கு அடியில்தான் இருந்தது அண்ணா, இன்று காலையே வெளியே எடுத்தாயிற்று. ஷீட் வேண்டாம் என்று ஆர்க்கிடெக்டிடம் சொல்லிவிட்டேன். கொல்லையில் படிக்கு அளந்தோம், ஒரு மீட்டர் வருகிறது, ஆனால் தெருவுக்கு வழி இல்லை. பக்கத்து வீட்டு அத்தை வீட்டுச் சந்து வழியாகப் போகலாம். அக்கா போய்ப் பேசினாள். கொல்லைச் சுவரில் கதவு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பூட்டு போடக் கூடாது, தாழ்ப்பாள் உங்கள் பக்கம் மட்டும் இருக்கட்டும் என்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறாராம்.